சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்

இந்த வாரம் கொஞ்சம் மெக்கானிக் சமாச்சாரம். ஆபீஸ் கதைகளுக்காக இங்கே வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாமெல்லாம் வால்வு ரேடியோ காலத்து ஆட்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு, பச்சைக் கண் விழித்து, சத்தம் வருவதற்கு அரை நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தவர்கள். அதனால் கிடார் ஆம்ப்ளிஃபயரின் பவர் வால்வுக்கு 'பயஸ்' வைப்பது என்று நான் ஆரம்பித்தால், உங்களில் பாதிப் பேராவது எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் என் பெரிய அண்ணனுடையது. அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அண்ணனுக்கு அப்போது 19 வயது. கையெழுத்துப் போட்டுவிட்டு சொல்தாவாகக் கப்பலேறினார். எனக்குப் பதினொன்று, அப்பா கையெழுத்துப் போடவில்லை, அதனால் நான் இந்தியன். ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் என்பது நம் ஊரில் பெரிய அதிசயமில்லை.

பட்டாளம் முடிந்து பாரீஸ் பக்கம் வேலைக்குப் போன பிறகு, அண்ணன் சனிக்கிழமை இரவுகளில் கல்யாணங்களுக்கும் நடன விழாக்களுக்கும் கிடார் வாசிப்பார். அப்போது செகண்ட் ஹாண்டில் வாங்கியது இந்த 50 வாட் மார்ஷல். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது கப்பல் பெட்டியில் அதுவும் வந்தது. கூடவே, தண்ணீர்க் குடம் அளவு கனத்தில் ஒரு ஸ்டெபிலைசர். நாலு வருஷத்துக்கு முன் அண்ணன் போய்விட்டார். பெட்டி மாடி அறையில் வேட்டித் துணி போர்த்திக் கிடந்தது.

போன வருஷம் அண்ணனுடைய பேரன் ஒரு வருஷம் தங்கிப் போகலாம் என்று பிரான்சிலிருந்து வந்தான். 22 வயது. தமிழ் அரைகுறை, கிடார் நன்றாக வாசிப்பான். தாத்தாவின் பெட்டியைப் பார்த்ததும் விடுவானா? புது வால்வு ஜோடி ஒன்றை வரவழைத்தான். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினான். ஸ்டெபிலைசர் எதற்கு என்று புரியாமல் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, நேராகச் சுவரில் சொருகிப் போட்டான். கூப்பிட்டானே என்று நானும் மேலே போனேன். பத்து நிமிஷம் அருமையாக வாசித்தான். பிறகு பார்த்தால், பின்பக்கம் ஒரு வால்வுக்குள் இருக்கும் கறுப்புத் தகடு செங்கல் சூளை மாதிரி சிவந்துகொண்டு வருகிறது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அண்ணி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுங்க தம்பி. வீட்டைக் கொளுத்திடப் போவுது." பேரனோ, "உள்ளே ஒரு திருகு இருக்கிறது சின்ன தாத்தா, வீடியோ பார்த்து நானே சரி பண்ணிவிடுவேன்" என்கிறான். ஒன்று, அண்ணனின் பெட்டி எடைக்குப் போகும். இல்லையென்றால் பையன் 450 வோல்ட்டுக்குள் கையை விடுவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் ரேடியோவும், கோயில் திருவிழாக்களுக்குப் போகும் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்ளிஃபயர்களும் ரிப்பேர் செய்த ஒரு மெக்கானிக் எனக்குப் பழக்கம். பேரைச் சொன்னால் கோபிப்பார், பாய் என்றே வைத்துக்கொள்வோம். வயது எழுபதை ஒட்டி. கடையை மூடிவிட்டார், வீட்டுத் திண்ணையில் மட்டும் வேண்டியவர்களுக்குப் பார்க்கிறார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனோம். பாய்க்கு பிரெஞ்சு தெரியாது, பையனுக்குத் தொழில் தமிழ் தெரியாது. நான்தான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். ஆபீஸில் முப்பது வருஷம் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைப் படித்துச் சொன்ன பழக்கம் இங்கேயும் உதவியது.

பயஸுக்கு பிரெஞ்சில் 'பொலாரிசாசியோன்' என்று பெயர். அதை வைத்தால் கிடைக்கும் கரண்ட்டுக்கு 'கூரான் த ரப்போ'. லிசேயில் எங்கள் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட வார்த்தை. ஓய்வில் இருக்கும்போது ஓடும் மின்சாரம். அதைப் பாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "சும்மா இருக்கும்போது ஓடுற கரண்ட்டைக் கேட்கிறான் பாய்" என்றேன். பாய் நிமிர்ந்து பார்த்தார். "அதான் சார் விஷயமே. பாட்டு வாசிக்கும்போது எவ்வளவு வேணா இழுக்கட்டும். சும்மா இருக்கும்போது என்ன இழுக்குதுன்னு பாத்தாத்தான் அதோட ஆயுசு தெரியும்."

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை. நடுவில் ஹீட்டர் கேத்தோடைச் சூடாக்கும். சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, சுற்றியுள்ள பிளேட்டை நோக்கிப் பாயும். பிளேட்டில் 400, 450 வோல்ட் பாசிட்டிவ் நின்றுகொண்டு அவற்றை இழுக்கும். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்தார். அதுதான் கிரிட். அதில் நெகட்டிவ் வோல்ட் கொடுத்தால் ஓட்டம் குறையும், நெகட்டிவைக் குறைத்தால் ஓட்டம் கூடும். தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. ஆனால் இங்கிலீஷ்காரர்கள் 'வால்வு' என்று பெயர் வைத்தது கிரிட் வருவதற்கு முன்பே, ஓட்டத்தை ஒரே பக்கமாக மட்டும் விடுவதால். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எரிவது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. 'லாம்ப்' என்று விட்டுவிட்டார்கள்.

கிடார் கம்பியைத் தொடாதபோதும் கிரிட்டில் ஒரு நெகட்டிவ் வோல்ட் நிற்க வேண்டும். அண்ணனின் பெட்டியில் இருப்பவை இ.எல்.34 வால்வுகள். அவற்றுக்குச் சுமார் மைனஸ் 40 வோல்ட். அதைச் சரியான அளவில் நிறுத்துவதுதான் பயஸ் வைப்பது.

அளவு தப்பினால் என்ன ஆகும்? மரவாடியில் பெரிய மரத்தைக் கையால் அறுத்ததைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் நீள ரம்பம். மேலே இருப்பவர் இழுக்கும்போது கீழே இருப்பவர் விட்டுக்கொடுப்பார், பிறகு மாறும். இந்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டு வால்வுகளும் அப்படித்தான். ஒலி அலையின் ஒரு பாதி ஒருவருக்கு, மறுபாதி மற்றவருக்கு. கை மாறும் இடத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் பிடியோடு இருக்க வேண்டும். இரண்டு பேருமே தளர விட்டால் ரம்பம் சிக்கிக்கொண்டு துள்ளும். நெகட்டிவ் அதிகமாகிப்போன ஆம்ப்ளிஃபயரில் அந்தத் துள்ளல் கரகரப்பாகக் கேட்கும், அதுவும் மெதுவாக வாசிக்கும்போது. மாறாக, இரண்டு பேரும் எந்நேரமும் தம் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் மரம் அறுபடுவதற்கு முன் ஆட்கள் ஓய்ந்துவிடுவார்கள். நெகட்டிவ் குறைந்த வால்வின் கதி அதுதான். வேலையே இல்லாமல் சூடாகிச் சிவக்கும். நாங்கள் மாடியில் பார்த்த சிவப்பு அதுவே.

நம் வீட்டு ரேடியோக்களில் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் கேத்தோடுக்கு அடியில் ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். வால்வு அதிகம் இழுத்தால் அதில் வோல்ட் கூடும், அதனாலேயே கிரிட் நெகட்டிவாகி இழுப்புக் குறையும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. வாக்ஸ் ஏ.சி.30 என்ற புகழ்பெற்ற கிடார் ஆம்ப்ளிஃபயரும் இந்த ரகம்தான். வால்வை மாற்றினால் போதும், திருகு கிடையாது. மற்ற ரகத்துக்கு 'ஃபிக்ஸட் பயஸ்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், நிலையானது என்று பேர் வைத்த இதைத்தான் வால்வு மாற்றும்போதெல்லாம் திருத்த வேண்டும். நெகட்டிவ் வோல்ட் தனிச் சப்ளையிலிருந்து வருகிறது என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். சத்தம் பலமாக வரும், ஆனால் கேட்க ஆள் இல்லாத அதிகாரி மாதிரி; வால்வு எரிந்தாலும் தானாகக் குறைத்துக்கொள்ளாது.

மார்ஷல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹான்வெல்லில் இசைக் கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் ஒரு டிரம் வாத்தியக்காரர். கிடார் வாசிக்கிற வாடிக்கையாளர்கள் கேட்டதால், 1962-இல் தன் ஆட்களோடு சேர்ந்து அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை ஆதாரமாக வைத்து ஒரு பெட்டி செய்தார். 1960-களின் நடுவில் ஐரோப்பாவில் சுலபமாகக் கிடைத்த இ.எல்.34-க்கு மாறினார்கள். அந்த வால்வைத் திணற அடிக்கும்போது வரும் சத்தத்துக்காகத்தான் இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் புதிது புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பாய் பெட்டியைத் திறக்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல எத்தனை வோல்ட்டுல ஓடுச்சு?" பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் செலக்டர் இருந்தது, அது 220-இல் நின்றது. திண்ணைப் பிளக்கில் மீட்டரை வைத்தார். 242. அண்ணன் அந்தக் குடம் கனத்து ஸ்டெபிலைசரை விடாமல் வைத்திருந்ததன் காரணம் அப்போது விளங்கியது. உள்ளே வரும் மின்சாரம் பத்து சதவீதம் கூடினால் பிளேட் வோல்ட்டும் ஏறக்குறைய அந்த அளவு கூடும். 440 இருக்க வேண்டிய இடத்தில் 484. பாய் செலக்டரை 240-க்கு மாற்றினார்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மீட்டரை வைத்துக் காட்டினார்; பெரிய கண்டன்சர்களில் இன்னும் சார்ஜ் நின்றது. ஒயர் முனையில் கட்டிய ரெசிஸ்டன்ஸ் வழியாக அதை மெல்ல வடித்து, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே கை வைத்தார். "ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணுவாங்க சிலபேரு. அவங்களைப் பாத்து நீ கத்துக்காதே தம்பி" என்றார். நான் மொழிபெயர்த்தேன். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கைதான், இன்னொரு கை சட்டைப் பையில். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போக வழி கிடைத்துவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் பெட்டியை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

நெகட்டிவ் வோல்ட் தரும் சப்ளையில் இரண்டு சின்னக் கண்டன்சர்கள். நாற்பது வருஷத்துக்கு மேலானவை, காய்ந்து போயிருந்தன. அவை செத்தால் நெகட்டிவ் போகும். நெகட்டிவ் போனால் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வரிசையாகப் போகும். சில ரூபாய்ச் சாமான்தான் மொத்தப் பெட்டிக்கும் காவல். அதை முதலில் மாற்றினார். பிறகு ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றைச் சால்டர் செய்தார். அதன் குறுக்கே 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஸ்க்ரீன் கிரிட்டுக்குப் போகும் கொஞ்சமும் அதில் சேர்ந்துதான் காட்டும்; அது பத்திரமான பக்கத்துப் பிழை.

அடுத்து, பிரிசெட்டை நெகட்டிவ் மிக அதிகமாக இருக்கும் பக்கம் முழுக்கத் திருகிவைத்தார். அதன்பிறகே வால்வுகளைப் பொருத்தினார். பையன் செய்தது இதற்கு நேர்மாறு: பழைய ஜோடிக்கு வைத்த அளவிலேயே புது ஜோடியை இறக்கிவிட்டான். ஒரே நம்பர் போட்ட வால்வாக இருந்தாலும் ஒன்று போல் இன்னொன்று இழுக்காது.

பெட்டி சூடேற ஐந்து நிமிஷம் விட்டு, பாய் மெல்லத் திருக ஆரம்பித்தார். 20, 25. பையனை வாசிக்கச் சொன்னார். மெதுவாக ஒரு கம்பியைத் தட்டினால் சுரம் தேய்கிற இடத்தில் மணல் கலந்த மாதிரி இருந்தது. 30-இல் குறைந்தது. 35-இல் சுத்தமாகிவிட்டது. பிளேட் வோல்ட் 446. பாய் கையை எடுத்துவிட்டார்.

இங்கேதான் தகராறு. பையன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். இ.எல்.34-இன் பிளேட் தாங்கும் சூடு 25 வாட். அதில் 70 சதவீதம் வைக்கலாம் என்பது எல்லோரும் சொல்லும் விதி. 17.5 வாட். அதை 446-ஆல் வகுத்தால் 39. ஏன் 35-இல் நிறுத்த வேண்டும்? போதாததற்கு, பெட்டியின் உள்சுவரில் பாரீஸ் மெக்கானிக் யாரோ ஒட்டிய துண்டுச் சீட்டு ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டான். என்னைப் படிக்கச் சொன்னான். 'ரப்போ 40, 430 வோல்ட்'. அண்ணன் வைத்திருந்த அளவே 40 என்றால் தாத்தாவின் சத்தம் அதுதானே என்று அவன் வாதம். அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கும் மனம் அவன் பக்கம் சாய்ந்தது என்பதே உண்மை.

பாய் விடவில்லை. "அது அந்த ஊரு கரண்ட்டுக்கு, அந்த ஜோடிக்கு வச்ச நம்பர் சார். இங்க ராத்திரி பத்து மணிக்கு மேல 250 வருது. அப்ப யாரு வந்து திருகுவாங்க? விதி எழுபது வரைக்கும் போகலாம்னு சொல்லுது. எழுபதுல போய் நில்லுன்னு சொல்லலை." நான் இதை பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்போது, விதிமுறைப் புத்தகத்தின் உச்சவரம்பை இலக்காக எடுத்துக்கொண்ட எத்தனை அதிகாரிகளைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

கடைசியில் பாயே ஒரு வழி சொன்னார். பையனைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். அவர் 35-க்கும் 39-க்கும் மாற்றி மாற்றித் திருகினார், சில தடவை திருகுவது போலப் பாவனை மட்டும் செய்தார். எது எது என்று அவன் சொல்ல வேண்டும். பத்துத் தடவையில் அவனுக்கு ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டினாலும் அதேதான் வரும். சிரித்துவிட்டான். 35-இல் முடிந்தது.

விளக்கை அணைத்து இருட்டில் இருபது நிமிஷம் வால்வுகளைப் பார்த்தோம். தகட்டில் சிவப்பு இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய நீல ஒளி படர்ந்திருந்தது. அது கோளாறில்லை என்று பாய் சொன்னார். ஒரு வால்வு 35, இன்னொன்று 33; ஜோடி பரவாயில்லை.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? தேதி, லைன் வோல்டேஜ், செலக்டர் நிலை, பிளேட் வோல்ட், இரண்டு வால்வின் கரண்ட் என்று ஐந்து கலம் போட்டு ஒரு சீட்டு எழுதி, பாரீஸ் சீட்டுக்குக் கீழே ஒட்டினேன். மேலே உள்ளதைக் கிழிக்கவில்லை. முந்தைய உத்தரவை அழித்துவிட்டுப் புது உத்தரவு போடும் வழக்கம் எங்கள் செக்‌ஷனில் கிடையாது. ஆறு மாதம் கழித்துப் பையன் ஊர் திரும்பும் முன், பாய் மறுபடி அளந்தார். 34, 32. எழுதியாயிற்று. செலக்டர் மாறிவிட்டாலும், ஸ்டெபிலைசர் இல்லாமல் அதைப் போடக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லிவைத்திருக்கிறோம். இரும்புக்காரர் பேச்சு இப்போது வீட்டில் எழுவதில்லை.

பென்ஷன் வாங்குகிற நமக்கு ஓய்வு நேர மின்னோட்டத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுமே ஓடாமல் கிடந்தால் கூப்பிடும்போது கரகரப்போம். வேலையில்லாத நேரத்திலும் சிவந்துகொண்டே இருந்தால் ரொம்ப நாள் தாங்காது. எவ்வளவு என்பது அவரவர் வீட்டு வோல்டேஜைப் பொறுத்தது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் அப்பா காலத்து வால்வு ரேடியோ இருந்தால், பேரப் பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசையில் நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். திருகு இல்லாத ரகம்தான் என்றாலும், பவர் வால்வின் கிரிட்டுக்குப் போகும் பழைய கண்டன்சர் கசிந்தால் அதிலும் வால்வு சிவக்கும். வால்வு தெரிந்தவர் ஒருவர் முதலில் பார்க்கட்டும். பாய்க்குக் கண் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இனிமேல் சால்டரிங் வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவருக்குப் பிறகு யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேட்டையில் வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் யாராவது இன்னும் இருந்தால், அடுத்த முறை கடற்கரையில் நடக்கும்போது என்னிடம் சொல்லுங்கள். நோட்டும் பேனாவும் பையில்தான் இருக்கும்.